வயலுக்கும் மருந்து; வயிற்றுக்கும் மருந்தா?

"மருந்தடித்தல்" என்பது வன்னிக் கமக்காரரின் அன்றாட வழக்கு. காலபோகப் பயிர் வேர்கொண்டு எழும்பியதும், தெளிகருவியை முதுகிலே சுமந்து, வரம்போரமாக நடந்து, களைநாசினியும் பூச்சிநாசினியும் விசிறுகின்ற தொழிலுக்கு எம்மவர் வழங்கும் பெயர் அது. நஞ்சுக்கு மருந்தென்று முதன்முதலிற் பெயர் சூட்டியவர் எவரோ நாமறியோம். அவர் விற்பனைக்காரராகவே இருத்தல் வேண்டுமென்று மட்டும் ஐயுறுகிறோம்.

இப்பொழுது அதே கமக்காரரின் வீட்டுக்கு இன்னுமொரு மருந்து வந்து சேருகின்றது. உடம்பிலே தேங்கிய நஞ்சையெல்லாம் சில நாட்களில் வெளியேற்றுவதாகச் சொல்லும் சூரணமும் பாணியும் அழகிய பொதிகளில் அடைக்கப்பட்டு, கைத்தொலைபேசியிலே விளம்பரஞ் செய்யப்பட்டு, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் விலைபோகின்றன. வயலுக்கு ஊற்றும் நஞ்சையும் மருந்தென்று வாங்குகிறோம். அந்த நஞ்சை உடம்பிலிருந்து இறக்குவதற்கும் மருந்து வாங்குகிறோம். இரண்டுக்கும் பணங் கொடுப்பவன் ஒருவனே. நெல் விற்ற காசு இரண்டு வழியாலும் போகின்றது.

கழிவு வைத்தியத்தை இகழ்வதற்காக இதை நாம் எழுதவில்லை. எமது பாட்டன் பாட்டியர் பேதி குடித்தே வளர்ந்தனர்; நாமும் குடித்திருக்கிறோம். வமனம், விரேசனம், வஸ்தி, நசியம் என்று ஆயுர்வேதம் கூறும் சுத்திகரிப்பு முறைகளும், வாந்தி, பேதி, பீச்சு, வேது, தொக்கணம், அட்டைவிடல் என்று எமது சித்த வைத்தியம் கூறும் முறைகளும் நெடுங்காலத்து அனுபவத்திலே விளைந்தவை. அவை எவரிடம், எங்கே, எவ்விதம், எவருக்குச் செய்யப்படல் வேண்டும் என்பதே நாம் எழுப்பும் கேள்வி. அக்கேள்விக்கு இன்று விடையளிக்க வேண்டியவர்கள் வாய்திறக்கவில்லை. விற்பவர்கள் மாத்திரமே பேசுகிறார்கள்.

பழைய முறையைச் சிறிது நினைவுகூர்தல் நன்று. பேதி குடித்தல் எங்கள் ஊர்களிலே ஒரு குடும்பக் கருமமாக நடந்தது. பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகளை வரிசையாக இருத்தி, விடியற்காலையில், வெறுவயிற்றிலே, ஆமணக்கெண்ணெயையோ கடுக்காயுஞ் சுக்கும் நிலவாகையும் சேர்ந்த கஷாயத்தையோ பருகக் கொடுப்பார்கள். அன்று பகல் முழுவதும் வெயிலில் நிற்றல் ஆகாது, விளையாட்டு ஆகாது, அடிவளவுக்குப் போய் வருவதே அன்றைய பயணம். வயிறு ஓய்ந்த பின்னர் மோரும் கஞ்சியும். மறுநாள் மச்சம் மாமிசம் இல்லாத பத்தியச் சோறு. அந்தக் கஷாயத்தின் கைப்பை இன்றும் மறவாத வாசகர் பலர் உளர். பிள்ளைப்பேற்றின் பின் பாவட்டையும் நொச்சியும் அவித்த நீரிலே தாயை முழுக்காட்டினோம். காயச்சரக்கு அரைத்துக் கொடுத்தோம். தடிமன் பிடித்தால் வேது பிடித்தோம். இவற்றுக்கு எவரும் விளம்பரஞ் செய்யவில்லை. எவரும் இவற்றால் மாடிவீடு கட்டவுமில்லை.

தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகாவிதி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வமனமும், நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதியும், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை நசியமும் கொள்ளச் சொல்கிறது. அதே விதியில் நான்கு நாளைக்கொருமுறை எண்ணெய் முழுக்கும் உண்டு. உணவுக்கும் உறக்கத்துக்கும் கட்டுப்பாடும் உண்டு. பேதியை மாத்திரம் பிடுங்கியெடுத்து விற்பவர் ஏனையவற்றைச் சொல்வதில்லை. உறக்கத்தையும் அளவான உணவையும் பொதியில் அடைத்து விற்க முடியாதன்றோ!

இவை யாவற்றுக்கும் நடுவே ஒருவர் இருந்தார். அவர் பரியாரியார். நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, சலத்தின் நிறங்கேட்டு, இன்னாருடைய தகப்பனுக்கு இன்ன நோய் இருந்தது என்பதையும் நினைவிற்கொண்டு, அதன் பின்னரே அவர் வாய்திறப்பார். "இவனுக்கு இப்போது பேதி வேண்டாம்; உடம்பு தாங்காது" என்று சொல்லும் அதிகாரம் அவரிடம் இருந்தது. அந்த "வேண்டாம்" என்ற சொல்லைச் சொல்லத் தெரிந்தவரே வைத்தியர். கடையிலே தொங்கும் பொதிக்கு அச்சொல் தெரியாது. காசு கொடுத்தவர் யாராயினும் அவருடைய வயிற்றுக்குள் அது போய்விடும்.

நூல்களைப் புரட்டினாலும் இந்த எச்சரிக்கையே முன்னிற்கக் காண்கிறோம். ஆயுர்வேதத்தின் பஞ்சகர்மம் ஒரு நாட் காரியமன்று. முதலில் நெய்யும் எண்ணெயும் கொடுத்து உடம்பைக் கனிவிக்க வேண்டும். அடுத்து வியர்வை வரச்செய்ய வேண்டும். அதன் பின்னரே வாந்தியோ பேதியோ. பேதி முப்பது முறை போனால் உத்தமம், இருபது மத்திமம், பத்து அதமம் என்று சரகசங்கிதை எண்ணிக் கணக்கிடுகிறது. முடிந்தபின் கஞ்சித் தெளிவிலே தொடங்கி, கஞ்சி, குழைசோறு என்று படிப்படியாக ஏற்றி, சில நாட்களின் பின்னரே வழக்கமான உணவு. அந்நூலின் சித்திஸ்தானம் என்னும் பகுதியோ எவரெவருக்கு இச்சிகிச்சை தகாது என்பதற்கும், செய்தது பிழைத்துப்போனால் நேருங் கேடுகளுக்கும், அவற்றைத் திருத்தும் வழிக்கும் நிறைய இடம் ஒதுக்குகிறது. பண்டைய ஆசிரியர்கள் தங்கள் மருந்துக்குத் தாங்களே அஞ்சினார்கள். நாம் அஞ்சவில்லையென்றால் நாம் அவர்களிலும் அறிவுடையோம் என்பதல்ல அதன் பொருள்.

இன்னுமொன்றைக் குறிப்பிடல் வேண்டும். ஆயுர்வேதம் கபத்துக்கு வமனமும், பித்தத்துக்கு விரேசனமும், வாதத்துக்கு வஸ்தியும் சிறந்ததென்கிறது. சித்த வைத்தியமோ வாதத்தைத் தாழ்த்தப் பேதியும், பித்தத்தைத் தாழ்த்த வமனமும், கபத்தைத் தாழ்த்த நசியமும் அஞ்சனமும் என்று வகுக்கிறது. ஒரே மருந்து, ஒரே செயல், நோக்கம் வேறு. இரண்டும் ஒன்றே என்று வெளியார் எண்ணுவதும், "ஆயுர்வேதம்" என்ற ஒரே பலகையின் கீழ் எல்லாவற்றையும் அடக்கிவிடுவதும் எவ்வளவு பிழையென்பதற்கு இது போதும். இந்நாட்டின் 1961 ஆம் ஆண்டு 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் யுனானியையும் தேசிய சிகிச்சையையும் ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கி வரைவிலக்கணம் செய்திருக்கிறது. பெயரிலே என்ன என்று சிலர் கேட்கலாம். பெயர் போனால் பாடநூல் போகும். பாடநூல் போனால் மருந்துப் பட்டியல் போகும். தமிழர் இதைப் பிற துறைகளிலும் கண்டறிந்தவர்களே.

சரி, இச்சிகிச்சைகள் உண்மையிலே நஞ்சை அகற்றுகின்றனவா? நேர்மையாகப் பேசுவோம். எமது நூல்கள் பெரிதும் பேசுவது மிகுந்துபோன வளி, அழல், ஐயம் என்பனவற்றைத் தன்னிலைக்குக் கொண்டுவருதல் பற்றியே. பீடைநாசினியைப் பற்றியோ ஈயத்தைப் பற்றியோ அவை கருதவில்லை, கருதியிருக்கவும் இயலாது. உடம்பிலே புகும் நச்சுப் பொருள்களை உடைப்பதும் வெளியேற்றுவதும் ஈரலும் சிறுநீரகங்களும் இரவும் பகலும் செய்கின்ற வேலை. பேதி மருந்தோ எண்ணெய்த் தேய்ப்போ அவ்வேலையைச் செய்து முடிக்கிறதென்று நிலைநாட்டக்கூடிய உறுதியான சான்று இன்றுவரை இல்லை. மலச்சிக்கல் தீர்தல், உடல் நோவு தணிதல், பக்கவாதக்காரரின் இறுகிய தசை தொக்கணத்தாலும் வேதாலும் இளகுதல், பத்தியத்தால் உடம்பு இலேசாதல் ஆகியவற்றை நோயாளரும் வைத்தியரும் நாளாந்தம் காண்கிறார்கள். அது சிறிய பயனன்று. அந்தப் பயனைச் சொல்லி மருந்து கொடுப்பவர் வைத்தியர். "நஞ்சு" என்று சொல்லி அச்சமூட்டிக் கொடுப்பவர் வியாபாரி.

தெற்கிலே இவ்வியாபாரம் பெருஞ் சிறப்போடு நடைபெறுவதை யாவரும் அறிவர். பேருவளை, பெந்தோட்டைக் கடற்கரையோரமாக 1980களிலிருந்தே ஜேர்மனி முதலிய நாட்டார் வந்து, இரண்டு மூன்று வாரம் தங்கி, பஞ்சகர்மஞ் செய்து போகின்றனர். அவர்களுக்கு வைத்தியர் இருக்கிறார். எண்ணெய் தேய்ப்போர் இருவர் இருக்கின்றனர். பத்திய உணவு வேளாவேளைக்கு வருகிறது. ஓய்வுக்குக் கட்டில் இருக்கிறது. அதாவது, எமது பரியாரியார் விதித்த யாவும் அங்கே இருக்கின்றன. அவற்றை அனுபவிப்பவர் மாத்திரம் எம்மவரல்லர். முத்தையன்கட்டுக் கமக்காரனுக்கு வாய்ப்பது வைத்தியரும் கட்டிலும் பத்தியமும் இல்லாத வெறும் பொதி. ஒரே மருத்துவம் செல்வனுக்கு முழுமையாகவும் ஏழைக்கு அரைகுறையாகவும் போய்ச் சேருகிறது. அரைகுறைப் பேதி எவ்வளவு ஆபத்தானதென்பதைச் சரகரைக் கேட்டாற் சொல்வார்.

அயலிலுள்ள கேரளத்தைப் பாருங்கள். கோட்டக்கல்லிலே 1902 இல் பி. எஸ். வாரியர் நிறுவிய ஆரிய வைத்தியசாலை இன்றும் இயங்குகிறது. கர்க்கடக மாதத்து மழைநாட்களிலே எண்ணெய்த் தேய்ப்பும் மருந்துக் கஞ்சியும் அங்குள்ள சாதாரண குடும்பங்களின் வழக்கமாக நிலைத்திருக்கின்றன. தமிழ்நாட்டிலே பாளையங்கோட்டையில் 1964 இல் அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி எழுந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் 1984 இல் சித்த மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டுவிட்டது. திருகோணமலை வளாகத்திலும் பயிற்றுகிறார்கள். ஆதலின் கற்றோர் இல்லை என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது. பட்டம் பெற்ற பின்பு நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கிற் காத்துக் கிடக்கும் இளம் வைத்தியர்களின் பெற்றோரைக் கேட்டால், குறை எங்கேயென்பது புலனாகும்.

இனி, எம்மை இதை எழுதத் தூண்டிய காரணத்துக்கு வருவோம். 1990களிலே எமது எல்லையை அடுத்துள்ள மதவாச்சி, பதவியாப் பகுதிகளில் காரணந் தெரியாத சிறுநீரக நோயொன்று கமக்காரரிடையே பரவுவது கண்டறியப்பட்டது. சலரோகமும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை, எனினும் சிறுநீரகம் சிறுகச் சிறுகச் செயலிழந்தது. வட மத்திய மாகாணத்தோடு அது நிற்கவில்லை. வவுனியாவும் முல்லைத்தீவும் அந்நோயின் பட்டியலிலே சேர்ந்தன. தண்ணீரின் வன்மையா, புளோரைட்டா, வயலுக்கு அடிக்கும் நஞ்சா, வெயிலிலே நீரின்றி உழைப்பதா, அன்றி இவையெல்லாம் சேர்ந்தா என்பதில் ஆராய்ச்சியாளர் இன்னும் ஒருமுடிவுக்கு வரவில்லை. ஒன்று மாத்திரம் உறுதி. இந்நோய் தொடக்கத்தில் வலி தருவதில்லை. களைப்பு, பசியின்மை, முதுகு நோவு என்றே தோன்றும். "உடம்பிலே ஏதோ சேர்ந்துவிட்டது, ஒருதரம் கழிந்தாற் சரியாகும்" என்று எண்ணத் தூண்டுகின்ற குறிகளும் இவையே!

இங்கேதான் கேடு விளைகிறது. கடும் பேதி உடம்பிலுள்ள நீரையும் உப்பையும் வாரிக்கொண்டு போகும். நல்ல சிறுநீரகம் அதைத் தாங்கும். நலிந்த சிறுநீரகம் தாங்காது. வெயிலிலே ஏற்கெனவே நீர்வற்றிய உடம்புக்கு நேர்வாளம் சேர்ந்த மருந்தைக் கொடுத்தால் நேருவது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நேர்வாளத்தை எமது நூல்கள் தோலும் முளையும் நீக்கி, முறைப்படி அவித்துச் சுத்தி செய்த பின்னரே மருந்தாகக் கருதுகின்றன. அச்சுத்தியைச் செய்தவர் யார், எப்போது செய்தார் என்று எந்தப் பொதி சொல்கிறது?

மூலிகைதானே, கெடுதி செய்யாது என்று எம்மிற் படித்தவர்களே கூறக் கேட்டிருக்கிறோம். அவர்களுக்குப் பெல்ஜிய நாட்டுச் செய்தியொன்றை நினைவூட்டுகிறோம். 1990களின் தொடக்கத்திலே பிரசல்ஸ் நகரத்து மருத்துவ நிலையமொன்றில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை உட்கொண்ட பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகங் கெட்டது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா என்ற இனத்தைச் சேர்ந்த இன்னொரு மூலிகை பொடியிலே கலந்துவிட்டதே காரணம். அந்த இனம் எமக்கு அந்நியமானதன்று. ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அவ்வினத்தனவே. விடகடிக்கும் வயிற்று நோய்க்கும் எமது நாட்டில் வழங்கிவந்தவையே. ஆடு தீண்டாத பாளையென்று பெயர் வைத்தவர் ஆட்டின் அறிவைப் போற்றியிருக்கிறார் போலும். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்குமென்று உலக ஆராய்ச்சியாளர் இன்று ஐயமின்றி ஏற்றுள்ளனர். முன்னோர் வழங்கினர் என்பதற்காக நாமும் கண்ணை மூடிக்கொண்டு வழங்கலாகாது. முன்னோருக்குத் தெரிந்திருந்தால் அவர்களே விட்டிருப்பர்.

உலோகக் கலப்பும் உண்டு. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004 இல் வெளியிட்ட ஆய்விலே, 14 மருந்துகளில் ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ காணப்பட்டதாக அறிகிறோம். நஞ்சை நீக்கும் மருந்திலே நஞ்சு! சரக்குச் சுத்தி என்பதற்கு எமது வைத்தியத்திலே இத்தனை விதிகள் இருக்க, அவ்விதிகளை மீறியவனுடைய பாவம் முழு வைத்தியத்தின் தலையிலும் விழுகிறது. 2020 டிசம்பரிலே கேகாலையில் ஒரு பாணிக்காகக் கொரோனாக் காலத்திலும் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்து நின்றனர். அந்தக் காட்சியை நாடு மறந்திராது. அதைக் காட்டிச் சுதேச வைத்தியர் அனைவரையும் பரிகசித்தோர் எத்தனை பேர்! பட்டம் பெற்ற வைத்தியர் ஒருவரேனும் அதனால் நன்மை பெற்றாரா?

வன்னிக்கே உரிய இன்னோர் இடரும் உளது. 2009 ஆம் ஆண்டின் முற்பகுதியிலே முள்ளிவாய்க்கால் வரை ஓடி, செட்டிகுளம் முகாம்களிலே அடைபட்டு மீண்ட மக்களில் எத்தனையோ பேருடைய உடம்பிலே எறிகணைச் சிதறல்கள் இன்னும் கிடக்கின்றன. எந்தப் பேதியாலும் இறங்காத இரும்பு அது. நோவு தாங்காமல் எண்ணெய்த் தேய்ப்புக்கும் தொக்கணத்துக்கும் வருகின்ற இவர்களைப் படம் எடுத்துப் பாராமல் அழுத்தித் தேய்த்தால், முள்ளந்தண்டுக்கு அண்மையிலுள்ள சிதறல் இடம்பெயரக்கூடும். இதைச் செய்ய வேண்டிய இடம் கடையின் பின்னறையன்று. கதிர்ப்படக் கருவியும் சித்த வைத்தியரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வைத்தியசாலையே.

மேனாட்டு வைத்தியமும் ஒருகாலத்தில் இதே குழியிலே கிடந்ததென்பதை நம்மவர் மறந்துவிடுகின்றனர். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வாசிங்டன் 1799 டிசம்பரில் தொண்டை நோயுற்றபோது, கற்றறிந்த டாக்குத்தர்களே ஒரே நாளிற் பலமுறை இரத்தம் வாங்கி, பேதிக்கும் வாந்திக்கும் கொடுத்தனர். அவர் அன்றிரவே மாண்டார். பின்னர் 1830களிலே பாரிஸ் நகரத்து வைத்தியர் லூயி என்பவர், இரத்தம் வாங்கப்பட்ட நோயாளர் எத்தனை பேர் பிழைத்தனர், எத்தனை பேர் இறந்தனர் என்று எண்ணத் தொடங்கினார். எண்ணியதும் இரத்தம் வாங்குதலின் புகழ் மங்கியது. மேனாட்டார் எமக்கு மேலானது அறிவினாலன்று. எண்ணிப் பார்த்த துணிவினால். எமது சித்த வைத்தியசாலைகளும் எண்ணட்டும். விரேசனம் செய்துகொண்டவர் இத்தனை பேர், செய்யுமுன் கிரியேற்றினின் அளவு இவ்வளவு, ஒரு மாதத்தின் பின் இவ்வளவு, நோவு தணிந்தவர் இத்தனை பேர், கேடுற்றவர் இத்தனை பேர் என்று பதிவேடு வைக்கட்டும். நன்மை இருக்குமாயின் அது ஏட்டிலே நிற்கும். எவரும் பரிகசிக்க முடியாது. இல்லையாயின் நாமே முதலிற் கைவிடுவோம்.

இதற்கு அதிகாரம் எவரிடம் உண்டு? 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளுக்கு வழங்கிய அதிகாரப் பட்டியலிலே சுதேச வைத்தியம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆயுர்வேத மருந்தகங்களையும் வைத்தியசாலைகளையும் அமைத்தல், அவற்றுக்கு மானியம் வழங்குதல், மூலிகைத் தோட்டங்களை உண்டாக்கிப் பேணுதல் ஆகியவை மாகாணத்துக்குரியன. பொலிசும் காணியும் தரமாட்டோமென்று வாதிட்ட கொழும்பு, கடுக்காயையும் நெல்லியையும் தருவதற்கு மறுத்ததில்லை. ஆயினும் வட மாகாண சபைக்கு 2013 இல் மக்கள் வாக்களித்தனர். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் வரவில்லை. மாகாணம் ஆளுநரின் கைக்குப் போயிற்று. மூலிகைத் தோட்டத்துக்கு வேலி போடுவதற்கும் மேலேயிருந்து கையொப்பம் வரவேண்டிய நிலையை எவ்வகைச் சுயாட்சியென்பது? அதே வேளையில், சபை இருந்த ஐந்தாண்டுகளிலே எமது பிரதிநிதிகள் தமக்கிருந்த இச்சிறு அதிகாரத்தை முழுமையாகப் பயன்படுத்தினார்களா என்று கேட்பதற்கும் நாம் தயங்கமாட்டோம். பெரிய அதிகாரத்துக்காகப் போராடுகிறவன் சிறிய அதிகாரத்தைத் துருப்பிடிக்க விடலாகாது.

மூலிகைத் தோட்டம் வன்னிக்குப் புதிதாகக் கொண்டுவர வேண்டிய ஒன்றன்று. குளக்கட்டோரத்து மருதும், கோயில் வீதியிலே நிற்கும் இலுப்பையும் வேம்பும், காட்டிலே கொன்றையும் நெல்லியும் நன்னாரியும் இருக்கவே இருக்கின்றன. காட்டுத் தேனுக்கோ வன்னி பெயர்பெற்றது. அறிந்து பறிப்போர் குறைந்துவிட்டனர் என்பதே குறை. எமது வைத்தியத்தின் ஏடுகள் அழிந்த கதையும் நீண்டது. பரராசசேகரத்தையும் செகராசசேகரத்தையும் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அச்சேற்றியிராவிட்டால் அவையும் எமக்குக் கிட்டியிரா. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏட்டுச்சுவடிகளும் எரிந்தன. வன்னியிலே பரியாரியார் வீட்டுப் பரணிற் கிடந்தவை அடுத்தடுத்த இடப்பெயர்வுகளிலே வழியிற் போயின. எஞ்சியிருக்கும் முதியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வதற்கு இன்னும் சில ஆண்டுகளே உள.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. மலேரியாவால் நெடுங்காலம் பெயர்கெட்டிருந்த வன்னியுட்பட, இலங்கை முழுவதும் 2016 செப்ரெம்பரில் அந்நோய் ஒழிந்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொருவரும் தனித்தனியே கஷாயங் குடித்து அந்த வெற்றி வந்ததன்று. இரத்தச் சோதனை, நுளம்பு ஒழிப்பு, ஊர் ஊராய்த் திரிந்த உத்தியோகத்தர்கள் என்ற பொதுப்பணியால் வந்தது. பீடைநாசினிகளுட் கொடியவற்றை 1995 இலும் அதன் பின்னரும் அரசு படிப்படியாகத் தடைசெய்ததனால் நஞ்சுண்டு மாண்டோர் தொகையும் பெரிதுங் குறைந்தது. நீரிலும் நிலத்திலும் உள்ள நஞ்சுக்கு வழி இதுவே. கிணற்றைச் சோதியாமல் குடலைக் கழுவுவதாற் பயனில்லை. மறுநாட் காலையில் அதே கிணற்று நீரைத்தானே குடிக்கப்போகிறோம்.

2021 இல் அரசாங்கம் நாட்டுக்கே ஒரு பேதி கொடுத்துப் பார்த்தது. எண்ணெயும் இல்லை, வேதும் இல்லை, முன்னாயத்தம் ஒன்றுமில்லை. இரசாயன உரம் முழுவதையும் ஒரேயடியாகத் தடுத்தார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் அந்தக் காலபோகத்து விளைச்சல் நலிந்துபோயிற்று. நோக்கம் நல்லதென்று வாதிப்போர் உளர். பேதி கொடுப்பவனுடைய நோக்கம் என்றும் நல்லதே. சரகர் கேட்பது நோயாளி அதைத் தாங்குவானா என்பதையே.

ஆதலின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்கள் மூன்றிலும் சுத்திகரிப்புச் சிகிச்சைக்கெனக் கட்டில்களும் பத்தியச் சமையலறையும் பட்டம் பெற்ற சித்த வைத்தியரும் கொண்ட பிரிவொன்று அரச வைத்தியசாலையோடு சேர்த்து அமைக்கப்படல் வேண்டுமென்று கேட்கிறோம். அங்கே எண்ணெயும் கஷாயமும் மாகாணத்தின் சொந்தத் தோட்டத்துச் சரக்கிலே செய்யப்பட்டு, உலோகச் சோதனைக்கு உட்படட்டும். பொதிகளில் விற்கப்படும் பேதி மருந்துகளின் சேர்க்கையைத் தமிழிலே தெளிவாக அச்சிடாதவரை பிரதேச சபைகள் தம் சந்தைகளில் இடங்கொடாதிருக்கட்டும். எமது டாக்குத்தர்களும் நோயாளர் தமிழ் மருந்து குடித்ததாகச் சொன்னால் சீறி விழாமல், என்ன மருந்து, எத்தனை நாள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். சீற்றத்துக்குப் பயந்தே பலர் மறைக்கின்றனர்; மறைத்ததை அறியாமையால் வேறு மருந்து கொடுத்துக் கேடு இரட்டிப்பாகிறது.

கமக்கார நண்பர்களுக்குச் சொல்வது சிறிது. களைப்பு நீளுமாயின், கால் வீங்குமாயின், இரவிலே சலம் அடிக்கடி போகுமாயின், பேதி மருந்தை வாயில் வைக்குமுன் சலத்தையும் இரத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். அரசாங்க வைத்தியசாலையிலே அதற்குக் காசில்லை. சோதனைத் துண்டை எடுத்துக்கொண்டு சித்த வைத்தியரிடம் போங்கள். அவர் "வேண்டாம்" என்றால், வீடு திரும்பும் வழியில் பொதி வாங்காதீர்கள்.